முதல் மார்க் வாங்கிய தண்ணீர்

இலுப்பங்குறிச்சிக்காரர்கள் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்கள், ஊர்ப் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்றால் பிள்ளைகளுக்கு முன்னால் பெற்றவர்கள் தலை சீவிக்கொண்டு போய் நிற்கிற ஊர் அது. அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு பெண் வந்து, "உங்க வூட்டுக் குடிதண்ணிய சோதிச்சுப் பாக்கப் போறோம்" என்று சொன்னால் என்ன ஆகும்? ஊரே பரீட்சைக்குத் தயாரானது. தயார் செய்தவன் பிரசாத். ஊர்ப் பெயர் அவனுக்கும் முக்கியம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று அவனுக்குப் பெரம்பலூரில் இருந்தது.

பிரசாத் குட்டியானை ஓட்டுகிறவன். குட்டியானை என்றால் அந்தச் சின்னச் சரக்கு வண்டிதான். பெரம்பலூர் சின்ன வெங்காயத்தைத் திருமானூர்ப் பக்கம் கொண்டுவந்து இறக்குவான். இங்கிருந்து வாழைத்தாரும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு போவான். அப்படிப் போய் வந்த இடத்தில்தான் வேணியைப் பார்த்தான், பிடித்துப் போனது, பெரியவர்கள் பேசி முடித்தார்கள். கல்யாணமான மறு வருஷமே அவள் உண்டானாள்.

அப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்திருந்த புதிது. குழாய் வந்ததே தவிர, தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேணி ஒரு குடத்துக்காக அரை மணி நேரம் நிற்பதைப் பிரசாத்தால் பார்க்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்தான். வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினான். குழாயை அறுத்துப் பள்ளத்துக்குள் இறக்கினான். தாழ்ந்த இடத்துக்குத் தண்ணீர் தானாக வருமல்லவா, கொட்டோ கொட்டென்று கொட்டியது. "எம் புருசன் மூள யாருக்கு வரும்" என்று வேணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள். மாதம் திரும்புவதற்குள் தெரு முழுக்க வாசலுக்கு ஒரு பள்ளம்.

பிரசவம் பெரம்பலூரில் அம்மா வீட்டில் நடந்தது. பெண் குழந்தை. யாழினி என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் மேளதாளம் இல்லாத குறையாக அழைத்து வந்தான் பிரசாத். வந்த வாரமே குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசியைக் குத்தி குளுக்கோஸ் ஏற்றியதைப் பார்த்த நாளிலிருந்து பிரசாத்துக்கு ஊசி என்றாலே தலை சுற்றும்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் சேதி கேட்டு ஓடிவந்த மாமியார் ரத்தினம்மாள், மகளையும் பேத்தியையும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரே பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"தண்ணிய கொதிக்க வெச்சுத்தான குடுத்தா அத்த," என்று பிரசாத் கெஞ்சினான்.

"குடிக்கிறதுக்குக் கொதிக்க வெச்சா. பால் ஊத்துற சங்க எதுல கழுவுனா? வாயத் தொடைக்கிற துணிய எதுல நனைச்சா?"

"கேன் தண்ணி வாங்கிப் போட்டுடறேன்."

"எதுக்கெதுக்குக் கேன் தண்ணிய ஊத்துவீங்க மாப்ள? உங்க ஊரு தண்ணி சரியாவட்டும். அன்னிக்கே கொண்டாந்து விடறேன்."

ரத்தினம்மாள் கெட்டவராக இருந்திருந்தால் பிரசாத் சண்டை போட்டு அழைத்து வந்திருப்பான். அவர் நல்லவர், சொல்வதும் நியாயம், அதுதான் தொல்லை. வெங்காயம் ஏற்றப் பெரம்பலூருக்குப் போனாலும், தண்ணீர் சரியாகாமல் அவர் வீட்டுப் படி ஏறப் பிரசாத்துக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆன வீட்டில், அவனும் அப்பா சாமிதுரையும் மட்டும் மிஞ்சினார்கள். சோறு குழைந்த நாளில் ரசம் உப்புக் கரித்தது. ரசம் தேறிய நாளில் சோறு அடிப்பிடித்தது. சாமிதுரை அதிகம் பேசுகிறவர் இல்லை. தட்டைப் பார்ப்பார், மகனைப் பார்ப்பார், சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஷாலினி மேரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

ஏலாக்குறிச்சிப் பெண். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கிராமத்துக் குடிதண்ணீர் எங்கே கெடுகிறது, எப்படிக் காப்பாற்றலாம் என்பதுதான் ஆராய்ச்சி. சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டி, விரல் நீளச் சீசா ஒன்றை எல்லோருக்கும் காட்டினாள். அடியில் கொஞ்சம் மஞ்சள் மருந்து இருந்தது.

"இதுல தண்ணிய ஊத்தி மூடி வெச்சுடுவோம். கெட்ட கிருமி இருந்துச்சுன்னா ரெண்டு நாளைக்குள்ள கறுத்துப் போயிடும். இல்லைன்னா மஞ்சளாவே இருக்கும். டேங்க்ல எடுக்கப் போறதில்ல. பானையிலதான மொண்டு குடிக்கிறீங்க, அதனால வூட்டுப் பானையிலதான் எடுப்போம். புதன்கிழம வரேன். எப்பவும் குடிக்கிற தண்ணியக் குடுத்தாப் போதும். எங்களுக்காக ஒண்ணும் ஸ்பெஷலா பண்ண வேணாம்."

இங்கேதான் ஷாலினி மேரி சறுக்கினாள். 'ஒண்ணும் வேணாம்' என்று சொல்லாத விருந்தாளி இலுப்பங்குறிச்சிக்கு இதுவரை வந்ததில்லை. காப்பி வேண்டாம் என்பார்கள், அடுப்பில் பால் பொங்கும். சாப்பிட்டுத்தான் வந்தோம் என்பார்கள், இலை விழும். விருந்தாளி வேண்டாம் என்பது விருந்தாளியின் மரியாதை, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதது வீட்டுக்காரரின் மரியாதை.

பிரசாத் எழுந்து கேட்டான். "மஞ்சளாவே இருந்துச்சுன்னா எழுதி ஏதும் தருவீங்களா மேடம்?"

"தருவோம்ணே. காலேஜ் சீல் போட்டு, இந்த ஊரு தண்ணி நல்ல தண்ணின்னு பேப்பர் குடுப்போம்."

"கறுத்துப் போச்சுன்னா?"

ஷாலினி கொஞ்சம் தயங்கினாள். கறுத்துப்போகிற ஊர்களுக்குக் குழாயைச் சரிசெய்து, டேங்கில் குளோரின் மிஷினும் பொருத்தித் தரப்போகிறார்கள். ஆனால் அதை முன்கூட்டிச் சொன்னால், மிஷினுக்கு ஆசைப்பட்டு ஜனங்கள் வேண்டுமென்றே கெட்ட தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள் என்று புரொபசர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். படித்த மனுஷனுக்குப் பாவம், இந்த ஊரைத் தெரியாது.

"அத அப்பறம் பாத்துக்கலாம்ணே," என்றாள்.

பிரசாத் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். சீல் போட்ட பேப்பர். அதைக் கொண்டுபோய் மாமியார் முன்னால் வைத்தால் மறு பேச்சு ஏது?

செவ்வாய்க்கிழமை வெங்காய லோடு கிடையாது. நீல டிரம்களைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு திருமழபாடிக்குப் போனான். அங்கே கொள்ளிடக்கரையில் அவன் கூட்டாளி ஒருவனுக்குத் தோட்டம், தோட்டத்தில் ஆற்று மணலில் ஊறி வருகிற தண்ணீர். கல்கண்டு மாதிரி இருக்கும். நிரப்பிக்கொண்டு வந்து, சாயங்காலம் தெருத்தெருவாக வண்டியை நிறுத்தினான். "வூட்டுக்கு ஒரு குடம். காலையில அந்தப் பொண்ணு வந்தா இதுலேர்ந்து குடுங்க."

பக்கத்து வீட்டு வீராயிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஏந்தம்பி, இது தப்பில்லயா?"

"அக்கா, பொண்ணு பாக்க வராங்கன்னா பக்கத்து வூட்டு நாற்காலிய வாங்கிப் போடறதில்ல? அது மாதிரிதான்."

வீராயி குடத்தை நீட்டினாள். ஊர்ப் பெண்கள் ராத்திரி சமையலுக்கு முன்னால் பானைகளைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். புதன்கிழமை காலை இலுப்பங்குறிச்சியில் கண் கூசாத வீடு இல்லை. ஷாலினி எந்த வீட்டுக்குப் போனாலும் பளபளக்கும் குடம், அதன் மேல் பளபளக்கும் தட்டு, பக்கத்தில் சிரித்த முகம். சீசாக்களை நிரப்பிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தபோது அவள் முகத்தில் நம்ப முடியாத சந்தோஷம். ஒரு சீசாகூடக் கறுக்கவில்லை. "போன ஊர்லயெல்லாம் பாதிக்கு மேல கறுத்துடுச்சு. ஒரு ஊரு முழுசா தேறுனது இதான் மொத தடவ," என்றாள். வீராயியைப் பிடித்து உட்காரவைத்து, பானையை எதைப் போட்டுத் தேய்க்கிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை தேய்க்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டாள். வீராயி நெளிந்துகொண்டே, "புளிதான் பாப்பா" என்றாள்.

அடுத்த வாரம் பேப்பர் கிடைத்தது. பிரசாத் அதை லேமினேஷன் போட்டான்.

பெரம்பலூரில் அன்று அவனுக்கு ராஜ உபசாரம். ரத்தினம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை இரண்டு தரம் வாசித்தார். சீலைத் தடவிப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாக, "நந்தி கல்யாணத்துக்குள்ள நானே கொண்டாந்து விடறேன் மாப்ள," என்றார். பங்குனியில் திருமழபாடியில் நடக்கிற நந்தி கல்யாணத்துக்கு வேணியைக் கூட்டிப்போக வேண்டும் என்பது பிரசாத்தின் இரண்டு வருஷத்து ஆசை. போன வருஷம் அவள் நிறைமாதம்.

யாழினி முதலில் அவனைப் பார்த்து வீரிட்டு அழுதாள். பெற்ற பிள்ளைக்கே தன் முகம் மறந்துபோனது அவனுக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் பொறுத்து, அவன் விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். முன்னால் இரண்டு பல் முளைத்திருந்தது. அந்தப் பல்லை அவன் அன்றுதான் பார்க்கிறான்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வேணி வாசல் வரை வந்தாள். "நெசமாவே தண்ணி சரியாயிடுச்சாங்க? என்ன பண்ணாங்க, டேங்க கழுவுனாங்களா?"

"ம்... அதெல்லாம் பண்ணாங்க."

"நீங்க சொன்னா சரிங்க," என்றாள் வேணி. "பேப்பர் அம்மாவுக்கு. எனக்கு நீங்க சொன்னதே போதும்."

குட்டியானையைக் கிளப்பிய பிரசாத்துக்கு, இனிக்க வேண்டிய அந்த வார்த்தை வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது. குன்னம் தாண்டும்வரை ரேடியோவைக்கூடப் போடவில்லை. சமாதானமும் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வேணி வந்ததும் தினம் திருமழபாடியிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் போகிறது. வண்டி இருக்கிறது, கை இருக்கிறது. அப்போது மாமியார் கேட்டது நினைவுக்கு வந்தது. சங்கை எதில் கழுவுவாள்?

ஊருக்குள் நுழைந்தபோது வீராயியின் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் புருஷன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். நேற்றிலிருந்து பையனுக்கு வயிற்றால் போகிறதாம். வண்டியைத் திருப்பி அவர்களைத் திருமானூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்தான் பிரசாத். திரும்பி வந்தால் டேங்க் அடியில் ஷாலினி மேரி நிற்கிறாள்.

"சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்ணே. இனிமே உங்க ஊருக்கு வர வேல இல்ல," என்று சிரித்தாள். "இப்ப சொல்லலாம். கறுத்துப்போன ஊருக்கெல்லாம் குழாய சரி பண்ணி, குளோரின் மிஷின் மாட்டப் போறோம். உங்க ஊருக்குத்தான் அது தேவையே இல்லயே. குடுத்து வெச்ச ஊருண்ணே."

கறுத்தால் மிஷினா? கறுத்தால் குழாயைச் சரி செய்வார்களா? பரீட்சையில் தோற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கிற ஊர் எங்கே இருக்கிறது? பிரசாத் ஸ்கூட்டர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் பேப்பர் போய்விடும், பேப்பர் போனால் வேணி வரமாட்டாள். திறக்காவிட்டால் வேணி வருவாள், பிள்ளையோடு வருவாள், வந்து இந்தத் தண்ணீரில் சங்கைக் கழுவுவாள்.

அன்று சோறும் குழையவில்லை, ரசமும் கரிக்கவில்லை. ஆனாலும் பிரசாத்துக்கு இறங்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னான். சாமிதுரை கையைக் கழுவிக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"அந்தப் பொண்ணு ரூம்பு திருமானூர்ல ஜெராக்ஸ் கடைக்கு மேலதான்."

விடிந்ததும் பிரசாத் அங்கே போய் நின்றான். சுவரில் வரைபடங்கள், மேஜை முழுக்கச் சீசாக்கள். உட்காரச் சொன்னாள், உட்காராமலே கொட்டித் தீர்த்தான். ஷாலினி மேரிக்கு முதலில் புரியவே இல்லை.

"எந்த வூட்ல மாத்திக் குடுத்தாங்க?"

"எல்லா வூட்லயுந்தான் மேடம். நான்தான் டிரம்முல கொண்டாந்தேன்."

"அப்ப நான் சோதிச்சது..."

"திருமழபாடித் தண்ணி."

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அய்யோ அண்ணே! புளி போட்டுத் தேய்க்கிறதுனாலதான் கிருமி வரலன்னு எங்க புரொபசர் நம்பிட்டாருண்ணே. புளிக்குன்னு தனியா ஒரு ஆராய்ச்சியே ஆரம்பிச்சுட்டாரு. அடுத்த மாசம் ஒரு பஸ் நெறய ஆளுங்களக் கூட்டியாந்து உங்க ஊரக் காட்டப் போறாரு."

பிரசாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "எம் பொண்ணு வரணும்னு பண்ணிட்டேன் மேடம். மன்னிச்சுடுங்க."

குளுக்கோஸ் ஏற்றிய கதையையும் சொன்னான். ஷாலினியும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். சற்று யோசித்துவிட்டு, "எம் மேலயும் தப்பு இருக்குண்ணே. நானும் ஏலாக்குறிச்சிதான். விருந்தாளிக்கு எந்தத் தண்ணியக் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றாள். "நாளைக்குக் காலையில தண்ணி உடுற நேரத்துக்கு வரேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்தத் தடவ டேங்க், குழாய், பானை மூணுலயும் எடுத்துப் பாத்துடுவோம்."

சொன்னபடி வந்தாள். டேங்கில் எடுத்தாள், வீராயி வீட்டுப் பானையில் எடுத்தாள், தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் எடுத்தாள், பிரசாத் வீட்டுப் பானையிலும் வாசல் குழாயிலும் எடுத்தாள். சீசாக்களில் பெயர் எழுதி அவன் வீட்டு ஜன்னலிலேயே வரிசையாக வைத்தாள். "நீங்களே பாத்துக்குங்கண்ணே. ஒளிவு மறைவு வேணாம்."

மறுநாள் மத்தியானம் வெங்காயம் இறக்கிவிட்டு வந்து பார்த்தான். டேங்க் என்று எழுதிய சீசா மஞ்சளாகவே இருந்தது. தெருவிலிருந்து எடுத்த சீசாக்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், தார் மாதிரி கன்னங்கரேலென்று ஒன்று கறுத்திருந்தது. எடுத்துப் பெயரைப் படித்தான். பிரசாத் வாசல் குழாய்.

ஷாலினிக்குப் போன் போட்டான். வந்தவள் சீசாவை ஒரு பார்வை பார்த்தாள், நேரே வாசலுக்குப் போனாள். பள்ளத்தில் கணுக்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் கிடந்தது. பாத்திரம் கழுவியது, கால் கழுவியது, கோழி எச்சம், எல்லாம் அதில் அடக்கம். குழாயின் வாய் அதற்குள் முங்கிக்கிடந்தது.

"டேங்க்லேர்ந்து நல்லாத்தாண்ணே வருது. தண்ணி நின்னதும் குழாய்க்குள்ள காத்து உறிஞ்சும் பாருங்க, அப்ப இந்தக் குழியில கெடக்கறதெல்லாம் உள்ள போயிடுது. மறுநாள் தண்ணி உட்டதும் மொதல்ல அதுதான் குடத்துல விழுது. தெரு முழுக்க இப்படித்தான் இருக்கு. யாருண்ணே இத மொதல்ல ஆரம்பிச்சது?"

பிரசாத் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். வேணி நிற்கக் கூடாது என்று வெட்டிய பள்ளம். தெருவே மெச்சிய பள்ளம். இதிலிருந்து போன தண்ணீரில்தான் அவள் சங்கைக் கழுவியிருக்கிறாள். தன் பிள்ளையின் கையில் ஊசி ஏறியது தன் கடப்பாரையால் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. ஷாலினி நிற்கிறாள், வீராயி பார்க்கிறாள் என்றெல்லாம் பார்க்காமல் அழுதான்.

சாயங்காலம் வேணிக்குப் போன் செய்தான். டிரம், திருமழபாடி, பேப்பர், சீசா, பள்ளம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். "நான் சொல்ற வரைக்கும் வராத வேணி. நந்தி கல்யாணத்துக்கும் வேணாம்." வேணி "வெக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தான் பிரசாத்.

காலையில் எழுந்து பள்ளத்துத் தண்ணீரை வாரி இறைத்தான். குழாயை மேலே உயர்த்திப் பொருத்தினான். சாமிதுரை வண்டியில் செம்மண் கொண்டுவந்து கொட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். பிரசாத் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினால் வேணி நிற்கிறாள். முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கிறாள்.

"பாப்பா?"

"அம்மாகிட்ட. பொழுது சாயறதுக்குள்ள நான் போவணும்." குரலில் கோபம் அப்படியே இருந்தது. "எங்கயோ மொண்டாந்த தண்ணிக்குப் பேப்பர் வாங்குனீங்க. டேங்க கழுவுனாங்களான்னு கேட்டேன், ஆமான்னீங்க. அத நம்பி நான் புள்ளயத் தூக்கிட்டு வந்திருப்பேன். இன்னொரு தடவ அவளுக்குக் குளுக்கோஸ் ஏத்துறதப் பாக்க என்னால முடியாதுங்க."

பிரசாத் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றான். வேணி பள்ளத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்காகத்தான வெட்டுனீங்க," என்றாள். "நான்தான தெருவெல்லாம் பெரும பேசுனேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிடந்த கூடையில் மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பள்ளத்தை மூடினார்கள். காலால் மிதித்து, மேலே கல்லை அடுக்கினார்கள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் விட்டார்கள். பழையபடி நூல் மாதிரி வந்தது. வேணி குடத்தைக் கழுவி, கல்லின் மேல் வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றாள். பிரசாத்தும் பக்கத்தில் நின்றான். பல் முளைக்கும்போது பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததை அவள் சொன்னாள். அப்பா வைக்கிற ரசத்தைப் பற்றி அவன் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடம் நிறைய வெகு நேரம் ஆனது. இரண்டு பேருக்குமே அவசரம் இல்லை.

பஸ் ஏறும்போது வேணி சொன்னாள். "இனிமே பேப்பரெல்லாம் கொண்டார வேணாம். தண்ணி சரியானதும் போன் பண்ணி வான்னு சொல்லுங்க. வந்துடறேன்."

பள்ளத்தை மூடச் சொன்னதற்குத் தெருவில் பிரசாத் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. வெட்டிக் காட்டியதும் இவன்தான், மூடச் சொல்வதும் இவன்தானா என்று வீராயியே ஒரு பாட்டம் பாடினாள். ஆனால் அவள் வீட்டுப் பானையில் எடுத்த கறுத்த சீசாவை ஷாலினி கொண்டுவந்து காட்டியதும், அவள் வீட்டுப் பள்ளம்தான் அடுத்து மூடப்பட்டது. பள்ளங்கள் போன பிறகு தண்ணீரைக் கூடுதல் நேரம் விட ஊராட்சியில் ஒத்துக்கொண்டார்கள். இலுப்பங்குறிச்சியின் பெயர் கறுத்த ஊர்களின் வரிசைக்குப் போனது. ஓட்டைக் குழாய்கள் மாறின, டேங்கில் குளோரின் மிஷின் ஏறியது. புரொபசர் புளியை விட்டுவிட்டார். நந்தி கல்யாணம் வந்து போனது. மேளச் சத்தம் காற்றில் கேட்டும் பிரசாத் போகவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஷாலினி மறுபடி வந்து சீசாக்களை நிரப்பினாள். பிரசாத் வீட்டுப் பானையும் குழாயும் இரண்டு நாள் ஜன்னலில் இருந்தும் மஞ்சள் மாறவில்லை.

"பேப்பர் ஒண்ணு தரட்டுமாண்ணே?" என்று கேட்டாள் குறும்பாக.

"வேணாம் மேடம். இன்னொரு சீசா குடுங்க."

இன்னொரு சீசாவை அவனே நிரப்பினான். அதுவும் மஞ்சளாகவே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பெரம்பலூருக்குப் போன் போட்டான். எடுத்தது ரத்தினம்மாள்.

"தண்ணி சரியாயிடுச்சு அத்த."

"பேப்பர் வந்துச்சா மாப்ள?"

"வாங்கலீங்க."

"போன தடவ சீல் குத்துன பேப்பரே பொய்யாப் போச்சு. இப்ப பேப்பரும் இல்லன்னா, எத நம்பிப் புள்ளய அனுப்பறது?"

அவர் கேட்பது நியாயம்தானே. அப்போது போனுக்குப் பின்னாலிருந்து வேணியின் குரல் கேட்டது.

"அம்மா, அவரு வரச் சொல்றாரா இல்லையா, அத மட்டும் கேளு. நான் பைய எடுத்து வெச்சுட்டேன்."

ரத்தினம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். "வரச் சொல்றீங்களா மாப்ள?"

பிரசாத் ஜன்னலைப் பார்த்தான். காலை வெயிலில் சீசா மஞ்சளாக நின்றது. வாசல் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"வரச் சொல்லுங்க அத்த," என்றான்.

உள்ளே சாமிதுரை, கேட்டும் கேட்காதவர் மாதிரி, உலையில் இன்னும் இரண்டு ஆளுக்கு அரிசி போட்டார்.